புகையிரதக் கடவைகளும் இங்கிலாந்தின் சட்டங்களும்

தெருவும் தண்டவாளமும் குறுக்கிடும் இடத்தில் காத்து நிற்க வேண்டியவர் யார்? புகையிரதமா, வழிப்போக்கரா? இக்கேள்வி இன்று எவருக்கும் எழுவதில்லை. வண்டிக்காரர் நிற்க வேண்டும், புகையிரதம் போக வேண்டும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆயின், பொதுமக்களுக்கான புகையிரதம் முதன்முதலில் ஓடிய இங்கிலாந்தில், தொடக்ககாலச் சட்டங்கள் பல இதற்கு நேர்மாறாக விதித்திருந்தன. கடவையின் கதவுகள் எந்நேரமும் தண்டவாளத்துக்குக் குறுக்கே சாத்தப்பட்டிருத்தல் வேண்டும். வண்டித்தொடர் வரும்பொழுது மாத்திரம் அவற்றைத் திருப்பித் தெருவை அடைத்தல் வேண்டும். தெரு குடிகளின் பழைய உரிமை, இருப்புப்பாதையோ நேற்று வந்தது என்ற எண்ணம் அவ்விதியில் தொனிக்கிறது.

1839 ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம், பொதுத்தெருவைக் குறுக்கறுக்கும் ஒவ்வொரு கடவையிலும் தக்க கதவுகளை நாட்டி, அவற்றைத் திறக்கவும் சாத்தவும் ஏற்ற ஆட்களை அமர்த்தும் கடமையைப் புகையிரதக் கம்பெனிகள் மீது சுமத்திற்று. அடுத்த ஆண்டில் வர்த்தகச் சபைக்குப் புகையிரதப் பாதைகளைப் பரிசோதிக்கும் அதிகாரம் கிடைத்தது. பரிசோதகர்களாக வந்தவர்கள் இராணுவப் பொறியியற் படையின் அதிகாரிகள். கம்பெனிக்காரருக்கு அஞ்ச வேண்டிய நிலை அவர்களுக்கு இருக்கவில்லை. 1842 இல் பாராளுமன்றம் பழைய விதியைத் தலைகீழாக மாற்றியது. கதவு தெருவுக்குக் குறுக்கே மூடியிருப்பதே பாதுகாப்புக்கு உகந்ததென அனுபவம் காட்டிவிட்டது என்று அச்சட்டமே காரணமும் கூறியது. ஓடிவரும் இயந்திரத்தை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, குதிரையை நிறுத்தலாம். மிக எளிய இவ்வுண்மை சட்டமாகச் சில ஆண்டுகள் சென்றன.

இதன் பின்னர் ஏறக்குறைய நூறாண்டு காலம் கடவை என்றால் கதவும் காவலாளியும் என்றே பொருள். தண்டவாளத்தின் அருகே அவருக்கு ஒரு சிறு வீடு. பல இடங்களில் புகையிரத ஊழியரின் மனைவியே காவலாளியாக இருந்து கதவைச் சாத்தினாள். முக்கியமான கடவைகளில் கதவுக்கும் கைகாட்டிக்கும் தொடர்பு உண்டாக்கப்பட்டது. கதவு தெருவை முற்றாக அடைத்தாலன்றிக் கைகாட்டி இறங்காது. தண்டவாளத்தில் மாடு நின்றாலும் வண்டி அகப்பட்டிருந்தாலும் அதைக் காண ஒருவருடைய கண் அங்கே இருந்தது.

மோட்டார் வாகனங்கள் பெருகியபின் இம்முறை சுமையாயிற்று. கதவுக்கு முன்னே வாகனங்கள் நீண்ட வரிசையாக நின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் குறைந்த கூலிக்கு இரவு பகல் காவலிருக்க ஆட்கள் கிடைப்பதும் அரிதாயிற்று. ஒல்லாந்து முதலிய ஐரோப்பிய நாடுகளில் புகையிரதமே தன் வருகையால் இயக்கும் தடைக்கம்பங்களை அதிகாரிகள் நேரிற் சென்று பார்த்து வந்தனர். 1957 ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழிதிறந்தது. 1961 பெப்ரவரியில் ஸ்ராபோட்ஷயர் மாவட்டத்தின் ஸ்பாத் என்னும் இடத்தில் பிரித்தானியாவின் முதலாவது தானியங்கி அரைத்தடைக் கடவை தொடங்கியது. கம்பம் தெருவின் ஒரு பாதியை மாத்திரம் மறைக்கும். உள்ளே அகப்பட்ட வாகனம் மறுபாதி வழியே வெளியேறலாம். நல்ல யோசனைதான். ஆனால் கதவோடு கண்ணும் போய்விட்டது. கடவையில் ஏதேனும் தடை இருப்பினும் புகையிரதத்துக்கான சைகை அதைப் பொருட்படுத்தாது.

இதன் விலை என்ன என்பது 1968 ஜனவரி 6 ஆம் திகதி, அதே மாவட்டத்து ஹிக்சன் கிராமத்தில் தெரிய வந்தது. 120 தொன் நிறையுள்ள மின்மாற்றி ஒன்றை ஏற்றிய 148 அடி நீளப் பாரவூர்தி, பொலிஸ் காவலோடு அக்கடவைக்கு வந்தது. முன்னே சென்ற பொலிஸ் வாகனம் கடந்துவிட்டது. பாரவூர்தியினரின் கவனமெல்லாம் மேலே தொங்கிய மின்கம்பியில் இருந்தது; சுமை அதில் தட்டலாகாதே என்று மணிக்கு 2 மைல் வேகத்தில் ஊர்ந்தனர். அந்த வேகத்தில் கடவையைக் கடக்க ஏறக்குறைய ஒரு நிமிடம் வேண்டும். விளக்கு ஒளிரத் தொடங்கியதிலிருந்து புகையிரதம் வந்து சேரக் கிடைத்த அவகாசமோ 24 விநாடி. மன்செஸ்ரரிலிருந்து இலண்டன் நோக்கி விரைந்த கடுகதி வண்டி அதில் மோதியது. பதினொருவர் மாண்டனர்.

பெரிய அல்லது மெதுவான வாகனங்களின் சாரதிகள் முதலில் சைகையாளருடன் தொலைபேசியிற் பேச வேண்டும் என்ற அறிவிப்புக் கடவையோரத்தில் இருந்தது. தொலைபேசியும் இருந்தது. சாரதியோ துணைவந்த பொலிஸாரோ அதை எடுக்கவில்லை. ரே பாலம் இடிந்து வீழ்ந்த 1879 ஆம் ஆண்டு விபத்துக்குப் பின் நடைபெறாத வகையான பகிரங்க விசாரணையை அரசாங்கம் இதற்காக நடத்தியது. தலைமை வகித்தவர் பிரையன் கிபன்ஸ் என்னும் சட்டவறிஞர். அவருடைய அறிக்கை குற்றத்தை ஒருவர் தலையில் மாத்திரம் ஏற்றவில்லை. பாரவூர்தி நிறுவனமும் பொலிஸாரும் மட்டுமன்றிப் புகையிரதப் பகுதியும் அமைச்சும் கண்டனத்துக்கு உள்ளாயின. 1966 இல் வேறொரு கடவையில் இத்தகைய பாரவூர்தி மயிரிழையில் தப்பிய சம்பவம் ஏற்கெனவே நிகழ்ந்திருந்தது. விதியை எழுதியவர்கள், அது வாகனம் ஓட்டுபவரின் அறிவுக்கு எட்டியதா என்று பார்க்கவில்லை.

விசாரணைக்குப் பின் அறிவிப்புகள் பெரிதாக்கப்பட்டன. சிவப்பு விளக்குக்கு முன் மஞ்சள் விளக்கு சேர்க்கப்பட்டது. எச்சரிக்கை நேரமும் கூட்டப்பட்டது. இவற்றாற் செலவு ஏறவே, புதிய அரைத்தடைகள் அமைக்கும் வேகம் தளர்ந்தது. சிக்கனத்துக்காகத் தடையே இல்லாமல் விளக்கை மட்டும் நம்பிய கடவைகள் 1980 களில் வந்தன. 1986 யூலையில் லொக்கிங்ரன் என்னுமிடத்தில் அத்தகைய கடவையொன்றில் ஒன்பது உயிர்கள் போயின. அடுத்த ஆண்டு பேராசிரியர் ஸ்ரொற் அளித்த அறிக்கையின் பின்னர் அவ்வகைக் கடவைகளிற் பெரும்பாலானவற்றில் அரைத்தடைகள் போடப்பட்டன.

அரைத்தடையும் எல்லாவற்றையும் தடுக்கவில்லை. 2004 நவம்பரில் பேர்க்ஷயரின் அவ்ற்றன் நேர்வெற் கடவையில், தண்டவாளத்தின் மேல் நிறுத்தப்பட்ட ஒரு காரில் கடுகதி வண்டி மோதி ஏழுபேர் இறந்தனர். தடை, விளக்கு, அறிவிப்பு யாவும் அங்கே இருந்தன. இறுதியில் 2016 டிசம்பரில் அக்கடவை மூடப்பட்டு, தெரு ஒரு பாலத்தின் வழியே தண்டவாளத்துக்கு மேலாக எடுத்துச் செல்லப்பட்டது.