ஜி 82: கீழுடல் செயலிழப்பின் குறியீடும் பராமரிப்பும், படாளம் சாலையை முன்வைத்து

படாளம், செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் இடையில் ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கும் ஊர். அங்கே ஒருவர் பைக்கிலிருந்து விழுந்து, மார்பளவில் தண்டுவடம் நசுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். சர்வதேச நோய் வகைப்பாட்டின் (ஐ.சி.டி.) பத்தாம் திருத்தப்படி, தண்டுவடக் காயத்துக்கு எஸ் 24 என்றும், விபத்தின் வகைக்கு 'வி' வரிசையில் ஓர் எண்ணும் ஏட்டில் ஏற வேண்டும். செயலிழப்பைக் குறிக்கும் ஜி 82ஐ முதன்மைக் குறியீடாக இடுவது, காரணம் தெரியாத நிலையிலோ, நாள்பட்ட முடக்கத்துக்குக் காரணம் எழுதப்படாத நிலையிலோ மட்டும்தான். ஜி 82 மட்டும் பதிவானால் கணக்கில் முடக்கம் இருக்கும், சாலை இருக்காது.

இந்த வகைப்பாடு மரணக் கணக்குக்காகப் பிறந்தது. 1893இல் பெர்த்தியோன் முன்வைத்த பட்டியல் சாவின் காரணங்களையே எண்ணியது. உயிரோடிருப்பவரின் நோய்க்கு அதில் இடம் கிடைக்க 1948இன் ஆறாம் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒன்பதாம் திருத்தம் (1975) நோய்க்கு ஒன்று, அது வெளிப்படும் உறுப்புக்கு ஒன்று என இரட்டைக் குறியீட்டைக் கொண்டுவந்தது. முதுகெலும்புக் காசநோய்க்கு இது மிகவும் பொருந்தும். இந்தியாவில் கால்கள் செயலிழக்க அந்த நோயும் ஒரு முக்கியக் காரணம்.

பராமரிப்பின் வரலாறு வேறு வழியில் போனது. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் லுட்விக் குட்மன் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். அதுவரை இந்நோயாளிகளைக் கொன்றவை பெரும்பாலும் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும். இரவு பகலாக, இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைப்பது அங்கே கட்டாயமாயிற்று. 1972இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லபிடஸ், சிறுநீர்க் குழாயைக் கிருமிநீக்கம் செய்யாவிட்டாலும், சுத்தமாகக் கழுவி நேரத்துக்கு நேரம் செலுத்தினால் போதும் என்று காட்டினார். கூரை வீட்டிலும் செய்யக்கூடிய வைத்தியம் அது. எந்த அறுவைச் சிகிச்சையையும்விட இதுதான் பெரிய திருப்பம் என்பது என் கருத்து.

தமிழகத்தில் இந்த வரலாறு மேரி வர்கீஸிடம் தொடங்குகிறது. வேலூர் சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்தபோது, 1954இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பெர்த்திலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையம் திறந்தது. நோயாளியே துறையை நிறுவிய அபூர்வம் அது.

செங்கல்பட்டு வட்டாரத்துக்கு வசதிகள் பிந்தியே வந்தன. முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005இல் அமைந்தது. 2021 டிசம்பரில், படாளத்திலிருந்து அதே சாலையில் தெற்கே இருக்கும் மேல்மருவத்தூரில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாச் சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் தொடங்கிற்று. நல்ல திட்டம். ஆனால் தண்டுவடம் நசுங்கியவருக்கு 49ஆவது மணிக்குப் பிறகுதான் வாழ்நாள் வேலை ஆரம்பமாகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்ததால் அந்த இடைவெளி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ஆக, மருத்துவமனைகள் டிஸ்சார்ஜ் சீட்டில் நான்கு விவரங்களையாவது எழுதித் தர வேண்டும்: காரணம், தண்டுவடம் பாதித்த மட்டம், இழப்பு முழுமையா பகுதியா, சிறுநீர்ப்பையின் நிலை. வீட்டாரும் இவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊனச் சான்றுக்கும் காப்பீட்டுக்கும் அந்தச் சீட்டைத்தான் கேட்பார்கள்.