அந்நியச் செலாவணிச் சந்தை

ஒரு நாட்டு நாணயத்தைக் கொடுத்து இன்னொரு நாட்டு நாணயத்தை வாங்கும் சந்தை இது. இதற்கெனத் தனிக் கட்டடமோ மணியடித்துத் தொடங்கும் வழக்கமோ கிடையாது. வங்கிகளும் தரகர்களும் கணினி வழியே விலை பேசிக்கொள்வதுதான் சந்தை. திங்கள் காலை சிட்னியில் தொடங்கி, டோக்கியோ, லண்டன் என நகர்ந்து, வெள்ளி மாலை நியூயார்க்கில் அடங்கும். 2022 ஏப்ரலில் நாளொன்றுக்குச் சராசரியாக 7.5 லட்சம் கோடி டாலர் கைமாறியது. அதில் ஏறக்குறைய 38 விழுக்காடு லண்டனில்.

விலை எப்போதும் இரு நாணயங்களுக்கிடையே சொல்லப்படும். யூரோ/டாலருக்கு 1.0850, 1.0852 என்று திரையில் தெரிந்தால், முதலாவது தரகர் யூரோவை வாங்கும் விலை, அடுத்தது விற்கும் விலை. இடைவெளி 2 பிப், அதாவது நான்காம் தசம இடத்தில் இரண்டு. கடுகளவாகத் தெரியும், ஆனால் ஒரு லாட், அதாவது 1,00,000 யூரோ வாங்கிய கையோடு விற்றால் 20 டாலர் போய்விடும்.

இதைவிட ஆபத்தானது லீவரேஜ், அதாவது சிறு முதலைக் கொண்டு பெருந்தொகைக்கு வணிகம் செய்வது. 1,000 டாலர் மார்ஜின் (முன்பணம்) கட்டி 50,000 டாலருக்கு வணிகம் செய்பவருக்கு, விலை 2 விழுக்காடு எதிராகத் திரும்பினாலே போட்ட முதல் முழுதும் கரைந்துவிடும்.

இந்தியாவில் அனுமதி பெறாத அந்நியச் செலாவணி வணிகத் தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் வெளியிட்டுள்ளது.