கவசத்தின் பலம் யாருடைய பலம்?

ஒரு மெலிந்த பொறியியலாளரும் ஒரு பாரம் தூக்கும் வீரரும் ஒரே மாதிரியான இரண்டு இயந்திரக் கவசங்களைப் போட்டுக்கொள்கிறார்கள் எண்டு வைத்துக்கொள்வோம். பற்றரி இரண்டிலும் நிறைவாக இருக்கிறது. இப்போது ஆளுக்கொரு லொறியின் பின்பக்கத்தைத் தூக்க வேண்டும். யாரால் கூடத் தூக்க முடியும்?

"ரெண்டு பேரும் ஒரே அளவுதான், தூக்குறது மெசின்தானே" எண்டு சிலர் சொல்லுவீர்கள். "இல்லை, பலசாலி போட்டால் கவசத்துக்கும் பலம் கூடும்" எண்டு வேறு சிலர் சொல்லுவீர்கள். படம் பார்க்கும்போது இந்தக் கேள்வி யாருக்கும் வராது. ஆனால் மேசையைச் சுற்றியிருந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் றோல்பிளேயிங் விளையாட்டுகளில் இதற்கு இலக்கத்தில் பதில் சொல்லியே ஆக வேண்டும். அரை நூற்றாண்டாக விதி எழுதுகிறவர்கள் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் பதில்களைச் சுருக்கிப் பார்த்தால் மூன்றுதான்: கவசம் பலத்தை ஒரு அளவில் நிறுத்தி வைக்கலாம், இருக்கிற பலத்தோடு கூட்டலாம், அல்லது பெருக்கலாம். பார்க்கச் சின்னக் கணக்கு மாதிரித்தான் இருக்கும். ஆனால் யாருடைய உடம்புக்குக் கதையில் இடம் உண்டு என்பதையும் இந்தக் கணக்குத்தான் தீர்மானிக்கிறது.

கவசம் பலம் தரத் தொடங்கியது

பழைய கதைகளில் கவசம் காப்பாற்றும், அவ்வளவுதான். கர்ணனின் கவசகுண்டலம் அவனைக் காத்தது. அவனது வில்வலிமை அவனுடையதே. போடுகிறவரின் பலத்தைக் கூட்டும் கவசத்தை அறிவியல் புனைகதையில் நிலைநிறுத்தியது ரொபேர்ட் ஹைன்லைன் 1959இல் எழுதிய 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' நாவல். அதில் வரும் கவசத்தைச் சிப்பாய் ஓட்டுவதில்லை. அவர் கையை அசைத்தால் உள்ளே இருக்கும் உணரிகள் அந்த அழுத்தத்தை அறிந்து, அதே அசைவைப் பல மடங்கு விசையோடு வெளியே செய்யும். 1963இல் அயன் மேன் மார்வெல் கொமிக்ஸில் வந்தார். உடம்பால் பலவீனமான, இதயத்தில் காயம்பட்ட ஒருவர் கவசத்துக்குள் போனதும் பலசாலியாகிறார்.

இந்த இரண்டு கற்பனையும் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். முதலாவது மனித அசைவைப் பெருக்குகிறது. இரண்டாவதில் மனிதருக்கு இல்லாத பலத்தை இயந்திரமே கொண்டு வருகிறது. பிற்கால விதிச் சண்டைகள் எல்லாவற்றுக்கும் விதை இங்கேதான் கிடக்கிறது.

நிஜத்திலும் முயன்று பார்த்தார்கள். 1965இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 'ஹார்டிமன்' என்ற இயந்திரத்தை உருவாக்கத் தொடங்கியது. விசைப் பெருக்கம் 25க்கு 1. அதாவது 250 இறாத்தல் பாரம் போடுகிறவரின் கைக்கு 10 இறாத்தல் போலத் தெரிய வேண்டும். 1,500 இறாத்தல், ஏறக்குறைய 680 கிலோ, தூக்குவது இலக்கு. இயந்திரத்தின் சொந்த எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். கடைசியில் ஒரு கை மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. அது 340 கிலோ வரை தூக்கியது. முழு உடம்பையும் இயக்கப் பார்த்தால் கட்டுப்பாடில்லாமல் துள்ளியது. ஆளை உள்ளே வைத்து முழுதாக இயக்கவே முடியவில்லை. 1970களின் தொடக்கத்தில் கைவிட்டுவிட்டார்கள். பலம் வந்தது, பிடி வரவில்லை. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

கையுறையும் பெல்ட்டும்

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' விளையாட்டை வெளியிட்டார்கள். அடுத்த வருடம் வந்த 'கிரேஹோக்' என்ற துணைநூல் பலம் 18 உள்ள போர்வீரருக்கு மட்டும் இன்னொரு சதவீதத்தையும் ஒட்டியது. 18/01இல் தொடங்கி 18/00 வரை போகும். இங்கே 00 என்றால் நூறு. 1978இல் வந்த அட்வான்ஸ்ட் பதிப்பின் நூலில் இன்னொரு விதியும் இருந்தது. மனித ஆண் பாத்திரத்தின் பலம் 18/00 வரை போகலாம், மனிதப் பெண் பாத்திரத்தின் பலம் 18/50ஐத் தாண்டக் கூடாது. ட்ராகனும் மந்திரமும் உள்ள உலகத்தில் இதை மட்டும் 'யதார்த்தம்' எண்டு வைத்திருந்தார்கள். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் இந்த எல்லை போனது.

அதே விளையாட்டில் ஒரு மந்திரக் கையுறை இருந்தது. போட்டால் கை, தோள்களின் பலம் 18/00. கூட்டலும் இல்லை, பெருக்கலும் இல்லை. போடுகிறவர் யாராக இருந்தாலும் அதே அளவு. ராட்சத பெல்ட் ஒன்றும் இருந்தது. ராட்சதரின் வகையைப் பொறுத்துப் பலத்தை 19இலிருந்து 24 வரை கொண்டுபோகும். ஒரு பக்கத்தில் பெண்ணின் உடம்புக்கு எல்லை கட்டிய நூல், இன்னொரு பக்கத்தில் அந்த எல்லையையே பொருட்படுத்தாத கையுறையையும் கொடுத்தது. எழுதியவர்கள் இதை நினைத்துச் செய்தார்கள் எண்டு நான் சொல்ல வரவில்லை. ஆனால் 'நிறுத்தி வைக்கும்' விதியின் குணம் அதுதான். அது எல்லாரையும் ஒரே படியில் ஏற்றிவிடும்.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு இதை மாற்றியது. கையுறை +2 மட்டும் தரும், பெல்ட் +4 அல்லது +6. பலவீனமானவர் கொஞ்சம் பரவாயில்லை, பலசாலி இன்னும் பலசாலி. விளைவு தெரிந்ததுதானே: கையுறை எப்போதும் ஏற்கெனவே பலமானவரிடமே போய்ச் சேரும். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு திரும்பவும் பழைய வழிக்கு வந்தது. கையுறை போட்டால் பலம் 19. ஏற்கெனவே 19 இருந்தால் பிரயோசனம் இல்லை. இப்போது அதே கையுறை குழுவில் மிகப் பலவீனமானவருக்குத்தான் அதிகம் உதவும்.

கணினி விளையாட்டிலும் இதே கதைதான். 'ஃபோல்அவுட்' முதலில் ஜேர்ப்ஸ் என்ற மேசை விளையாட்டின் விதிகளில்தான் உருவாகிக்கொண்டிருந்தது. அந்த ஒப்பந்தம் குழம்பிய பிறகுதான் சொந்த விதிகளோடு 1997இல் வந்தது. அதில் பவர் ஆர்மர் போட்டால் பலம் +3. 2015இல் வந்த 'ஃபோல்அவுட் 4'இல் போட்டால் பலம் 11, உங்களுக்குச் சொந்தமாக 1 இருந்தாலும் சரி, 10 இருந்தாலும் சரி.

கணக்கு எங்கே பிசகுகிறது

ஹார்டிமனின் 25 மடங்கை மேசைக்குக் கொண்டு வந்து பார்ப்போம். டன்ஜன்ஸ் ஐந்தாம் பதிப்பில் ஒருவர் சுமக்கக்கூடியது பலம் x 15 இறாத்தல். பலம் 10 என்றால் 150. அந்தப் புகழ்பெற்ற கையுறை தரும் 19க்கு 285 இறாத்தல். இரண்டு மடங்கும் இல்லை. 25 மடங்கு வேண்டுமென்றால் பலம் 250 ஆக வேண்டும். அந்த விளையாட்டில் ஆகக் கூடிய பலமே 30! நேர்கோட்டில் போகும் அளவுகோலில் இயந்திரத்துக்கு இடமே இல்லை.

ஜேர்ப்ஸ் (1986) இதை வேறு மாதிரிப் பார்த்தது. 2004இல் வந்த அதன் நான்காம் பதிப்பில் தூக்கும் அளவு பலத்தின் வர்க்கத்தை 5ஆல் வகுத்தால் வருவது. பலம் 10க்கு 20 இறாத்தல், பலம் 50க்கு 500 இறாத்தல். பலம் ஐந்து மடங்கானால் தூக்குவது 25 மடங்கு. ஹார்டிமன் இங்கே நுழையலாம்.

'சம்பியன்ஸ்' (1981) தந்த தீர்வுதான் எனக்கு ஆகப் பிடித்தது. சூப்பர்ஹீரோக்களுக்கான அந்த விளையாட்டில் பலம் 10 உள்ளவர் 100 கிலோ தூக்குவார். ஒவ்வொரு 5க்கும் அது இரட்டிக்கும்: 15க்கு 200 கிலோ, 20க்கு 400 கிலோ, 60க்கு 100 தொன்னுக்கும் மேல். இந்த அளவுகோலில் கூட்டுவதும் பெருக்குவதும் ஒன்றாகிவிடுகின்றன. கவசம் +23 தந்தால் அது கிட்டத்தட்ட 25 மடங்கு, யார் போட்டாலும். இன்னொரு நுட்பமும் உண்டு. கழற்றவோ பறிக்கவோ கூடிய பொருளிலிருந்து வரும் பலத்தை அந்த விளையாட்டில் குறைந்த புள்ளிக்கு வாங்கலாம். உடம்பின் பலமும் கடன் வாங்கிய பலமும் ஒன்றல்ல என்பதை விலையிலேயே எழுதி வைத்தார்கள்.

ஆனால் பெருக்கலில் ஒரு குழி இருக்கிறது. பூச்சியத்தை 25ஆல் பெருக்கினாலும் பூச்சியம்தான். கால் அசையாத ஒருவருக்கு அசைவைப் பெருக்கும் கவசம் எதுவும் செய்யாது. நிஜ உலகம் இதில் விதி எழுதுகிறவர்களை முந்திவிட்டது. 'ரீவோக்' என்ற இயந்திரச் சட்டகத்துக்கு 2014இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. முள்ளந்தண்டுப் பாதிப்பால் கால் அசையாதவர்களை எழுந்து நடக்க வைப்பது அது. அங்கே கால் இயந்திரத்தினுடையது, எங்கே போக வேண்டும் என்ற முடிவு மனிதருடையது. போரில் காலை இழந்தவர்களும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் எங்கட ஊர்களில் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர் மேசையில் வந்திருந்து, தன்னைப் போன்ற ஒரு பாத்திரத்தைக் கவசத்தோடு விளையாட விரும்பினால், "உன்ர பலம் 3, கவசம் போட்டால் 5" எண்டு சொல்லும் விதி என்ன விதி?

அப்ப எப்படி எழுதலாம்?

என் கருத்து இது. 'பலம்' என்ற ஒரே இலக்கத்துக்குள் மூன்று விசயங்களை அடைத்து வைத்திருப்பதுதான் சிக்கல். அவற்றைப் பிரித்துவிடலாம். ஜேர்ப்ஸ் நான்காம் பதிப்பு தூக்கும் பலத்தையும் அடிக்கும் பலத்தையும் ஏற்கெனவே பிரித்துத்தான் வைத்திருக்கிறது.

தூக்குவது கவசத்தின் வேலை. அதற்கு ஒரு நிலையான அளவு போதும். கிரேனை யார் இயக்கினாலும் கிரேன் தூக்குவது ஒரே பாரம்தான். லொறிக் கேள்விக்கும் இதுதான் என் பதில்: ரெண்டு பேரும் ஒரே அளவு.

அடிப்பது வேறு. 680 கிலோ தூக்கும் கை ஒருவரைத் தள்ளினால், தள்ளுகிறவரும் அதே விசையோடு பின்னுக்குத் தள்ளப்படுவார். நியூட்டனின் மூன்றாம் விதியை ஏமாற்ற முடியாது. கவசத்தின் எடை, காலுக்குக் கீழே இருக்கும் தரை, கையின் வேகம் எல்லாம் இதில் கணக்கு. ஆகவே அடியின் பலத்தைத் தூக்கும் பலத்தை விடக் குறைவாக வைக்கலாம்.

மூன்றாவது, பிடி. ஹார்டிமன் தோற்ற இடம் இது. முட்டையை உடைக்காமல் எடுப்பதும் குழந்தையை இடிபாட்டுக்குள்ளிருந்து தூக்குவதும் மனிதரின் திறமை. ஜேர்ப்ஸில் கவசத்துக்கென்றே தனித்திறன் ஒன்று உண்டு. கவசத்துக்குள் இருக்கும்போது, உடல் லாவகத்தில் தங்கிய எந்த வேலைக்கும் அந்தத் திறனையும் வேலைக்குரிய திறனையும் பார்த்து, எது குறைவோ அதைத்தான் பாவிக்க வேண்டும். அருமையான விதி. பலசாலியும் மெலிந்தவரும் வேறுபட வேண்டிய இடம் இதுதான்: யார் கூடப் பயிற்சி எடுத்தார்கள்?

கடைசியாக, பற்றரி. 2013இல் அமெரிக்க விசேட படைகள் 'டாலோஸ்' என்ற கவசத் திட்டத்தை அறிவித்தன. ஊடகங்கள் 'அயன் மேன் உடை' எண்டு எழுதின. முழுக் கவசம் வராமலேயே 2019இல் அது முடிந்தது. மனிதர் சுமக்கும் அளவில் போதிய சக்தியைச் சேமித்து வைப்பது இன்னும் தீராத பிரச்சினை. ஆகவே சக்தி தீர்ந்தால் என்ன நடக்கும் என்பதையும் விதியில் எழுதுங்கள். அந்த நிமிடம் கவசம் வெறும் இரும்புப் பாரம். அதற்குள்ளிருந்து வெளியே வர மட்டும் சொந்த உடம்பின் பலம் போதுமா எண்டு பகடை உருட்டலாம். அதற்கும் போதாதவருக்கு மேசையில் மற்ற நாலு பேர் இருக்கிறார்கள். கூட்டாக விளையாடுவது அதற்குத்தானே.