தோளுக்கு ஆகாத ரேந்தை

மெல்லிய துகிலைப் பாடவந்த சங்கப் புலவர்கள் பாம்பு உரித்த தோலையும் எழுந்து பரவும் புகையையும் உவமை சொன்னார்கள். ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாண்ட் தீவுகளின் பெண்களோ, தாம் பின்னிய பெரிய கம்பளிச் சால்வைகளில் கடலலையையே கண்ணிகளாக்கினர். மோதிரத்துக்குள் நுழைத்து எடுத்துவிடலாம் என்பதால் மோதிரச் சால்வை என்றே அவற்றுக்குப் பெயர். துளைகளால் அழகு பெறும் இந்த நூல்வேலைக்குத் தமிழ் மண்ணிலும் ஒரு வரலாறு உண்டு. அது அழகோடு மட்டும் நிற்கவில்லை.

லேஸைக் குறிக்கும் 'ரேந்தை' என்ற சொல் போர்த்துகீசியர் வழியே தமிழுக்கு வந்தது. ஈழத்தமிழர் அதை நன்கறிவர். தொழில் வேறு வழியில் வந்தது. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் சங்கத்தின் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, தம் பள்ளிச் சிறுமியர்க்கு அதைக் கற்பித்தார். பின்னலூசி இதில் இல்லை. திண்டின்மேல் சித்திரம் வரைந்த தாளை விரித்து, கோடுதோறும் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு முறுக்கிப் பின்னவேண்டும். இலையும் கொடியும் பூவும் விரலளவாக வளரும்.

அதே திருவிதாங்கூரில்தான் 1829இன் அரசாணை, கிறித்தவரான நாடார்ப் பெண்கள் குப்பாயம் அணியலாம், உயர்சாதியார்போல் மேல்சீலை இடலாகாது என்றது. ஐரோப்பியச் சீமாட்டிகளின் ஆடைக்கு விளிம்பு பின்னிய கைகளுக்குத் தம் தோளில் ஒரு முழத் துணி போட உரிமையில்லை! 1859இல் தடை தளர்ந்தபோதும் உயர்சாதிப் பாணி கூடாது என்ற நிபந்தனை நீடித்தது. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855இல். அதற்கு முன்பே அடிமைச் சிறுமியர் சிலர் ரேந்தைக் கூலியைச் சேர்த்துத் தம்மை விலைகொடுத்து மீட்டுக்கொண்டதாக மிஷன் குறிப்புகள் சொல்கின்றன. இதனை வெறும் மிஷன் கைவேலை என்று ஒதுக்குவார் இந்த ஒரு செய்தியை எங்கே வைப்பார்? விடியலில் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வாகனங்களை நாளும் காணும் ஓசூர்வாசிகளான நமக்கு, கூலி என்ற சொல்லை எளிதாகக் கடக்க முடிவதில்லை.

நாகர்கோவிலில் பிறந்த மால்ட்டின் மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றார். தாயின் தொழிலை அங்கே தேரிக்காட்டுப் பெண்களுக்குக் கற்பித்தார். 1856இல் கணவரின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. முதுகலை வகுப்பில் அந்நூலை ஆண்டுதோறும் நடத்துகிறோம். எலைசாவின் பெயரைக் கேட்ட மாணவர் அரியர். ரேந்தையிலோ பின்னியவள் பெயரைப் பொறிக்கும் வழக்கமே இல்லை.