நெய்தவர் வைத்த கடை

சென்ற வாரம் ராஜபாளையத்து மில்களைப் பார்த்தோம். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் தொடங்கிய ராஜபாளையம் மில்லும் பின்னால் வந்த மில்களும் பெரும்பாலும் நூல்தான் நூற்றன. அந்த நூல் சேலையானது வேறு ஊர்களில். வடக்கே ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆலைக்கு முன்பே தறி இருந்தது. இந்த வாரக் கதை அந்தத் தறியிலிருந்து வருகிறது.

1923-ல் கே.வி. போத்தி மூப்பனார், தம் தறிகளில் நெய்த நூல்சேலை, வேட்டி, துண்டுகளை விற்க ஸ்ரீவில்லிபுத்தூரில் வணிகம் தொடங்கினார். கடைக்குப் பெயரும் அவர் பெயர்தான். சென்னையில் நல்லி சின்னசாமிச் செட்டியார் கடை தொடங்கியது 1928-ல், திருநெல்வேலியில் ஆர்.எம்.கே.வி. தோன்றியது 1924-ல். தமிழ்நாட்டுப் பெண்கள் இன்று பட்டு எடுக்கப் படியேறும் மூன்று பெரிய பெயர்களில் மூத்தது ஒரு சிறு கோயில் ஊரில் முளைத்தது என்பது பலருக்குத் தெரியாது.

அந்தக் கடையில் என்ன விசேஷம்? நெசவாளியின் வழக்கமான வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். வியாபாரியிடம் நூல் வாங்குவார், பாவு ஓட்டுவார், நெய்த சேலையைத் திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்குவார். சேலையை யார் கட்டினார்கள், துவைத்ததும் சாயம் போனதா, முந்தி குட்டையாகிப் போனதா என்பது அவர் காதுக்கு வராது. தறியும் கடையும் ஒரே கையில் இருந்தால் வாங்கிய அம்மாளின் புகார் நேராக நெய்தவரிடம் வந்து நிற்கும். அடுத்த பாவில் திருத்திக்கொள்ளலாம். ஜவுளிக்கடைக்காரர்களுக்குப் பிற்காலத்தில் பெரிய ஆய்வாகிப்போன விஷயம் அன்றைக்குக் கல்லாவிலேயே கிடைத்தது.

ஊரும் துணைக்கு இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் ஊர். சித்திரையில் கள்ளழகர் வைகையில் இறங்க, ஆண்டாள் சூடிக் களைந்த மாலையும் பட்டும் கிளியும் இங்கிருந்து மதுரைக்குப் போகின்றன. புரட்டாசியில் திருப்பதி கருட சேவைக்கு மாலை போகிறது. மற்ற ஊர் ஜவுளிக்கடைக்கு ஆடி என்றால் ஈ ஓட்டும் மாதம். கல்யாணம் கிடையாது, அதனால்தான் தள்ளுபடி என்ற தந்திரமே பிறந்தது. இங்கே ஆடிப்பூரத்துக்குத் தேர் ஓடும், சுற்றுப்பட்டுக் கிராமமெல்லாம் வண்டி கட்டி வந்து சேரும். 1927-ல் விருதுநகர்-தென்காசி ரயில்பாதை வந்ததும் கூட்டத்துக்கு இன்னொரு வழி திறந்தது. துணி விற்க இதைவிட நல்ல ஊர் எது?

நடுவில் உள்ள வருடங்களைக் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடலாம். 1943-ல் போர்க்காலத் துணிக் கட்டுப்பாடு வந்தது. 1950-களின் தொடக்கத்தில் தேங்கிப்போன கைத்தறித் துணிக்காக ராஜாஜி மத்திய அரசுடன் மல்லுக்கட்டினார். 1953-ல் அண்ணாவும் அவரது கட்சிக்காரர்களும் துணியைச் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். எதிரெதிர் அணியில் நின்றவர்கள் ஒரே பொருளுக்காகப் பாடுபட்ட அபூர்வ வருடங்கள் அவை. தறிகள் நின்று, தொடர்ந்து, மறுபடி நின்றன.

போத்தி மூப்பனாரின் மகன் கே.வி.பி. சடையாண்டி மூப்பனார் 1977-ல் கடைக்குப் ‘போத்தீஸ்’ என்று பெயர் மாற்றினார். பின்னால் சென்னைக்குப் போனதைத்தான் எல்லோரும் பெரிய திருப்பமாகச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ இந்தப் பெயர் மாற்றம்தான் திருப்பம். அந்தக் காலத்தில்தான் சூரத்திலிருந்து நைலக்ஸும் பூனமும் வந்து குவிந்தன. கசங்காது, சீக்கிரம் காயும், விலையும் மலிவு. வேலைக்குப் போகத் தொடங்கிய பெண்கள் அதைக் கேட்டார்கள். நான் நெய்தது இது, எடுத்துக்கொள் என்று சொல்லிக்கொண்டிருந்த கடைகள் எல்லாம், உனக்கு என்ன வேண்டும், எங்கிருந்தாலும் தருவிக்கிறேன் என்று சொல்லியாக வேண்டியிருந்தது. வியாபாரம் பிழைத்ததும் வளர்ந்ததும் அதனால்தான். ஆனால் தறிக்கும் கல்லாவுக்கும் நடுவே இருந்த நேர்வழி அத்தோடு மூடிக்கொண்டது.

1986-ல் திருநெல்வேலி. ஆர்.எம்.கே.வி. வேரூன்றியிருந்த ஊரில் கடை திறக்கத் துணிச்சல் வேண்டும். அங்கே விற்பனை என்றால் கல்யாண ஜவுளி. மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் வேன் பிடித்து வந்து, முகூர்த்தப் பட்டிலிருந்து சம்பந்தி வீட்டுச் சித்தி சேலைவரை ஒரே நாளில் எடுத்துப் போவார்கள். பணத்தை எண்ணிக் கொடுப்பது ஆண்தான் என்றாலும், விரித்துப் போட்ட சேலையைத் தள்ளிவிடுவதா தோளில் போட்டுப் பார்ப்பதா என்பது அத்தைமார் கையில். அந்தக் கூட்டத்தை உட்கார வைத்து, சலிக்காமல் பிரித்துக் காட்டுகிற கலையை நெல்லையில் கற்றவர்களுக்குத் தியாகராய நகர் பெரிய பயமாக இருந்திருக்காது. சென்னைக்குப் பின் மதுரை, கோவை, நாகர்கோவில், திருவனந்தபுரம், பெங்களூரு என்று கிளைகள் பரவின. நகைக்கடையும் மளிகையும்கூடச் சேர்ந்துகொண்டன.

சென்னைக் காலத்தின் முக்கியமான கண்டுபிடிப்பு, சேலைக்குக் கடையே பெயர் வைத்தது. அதற்கு முன் சேலைக்குப் பெயர் ஊரால் வந்தது: காஞ்சிபுரம், ஆரணி, சின்னாளபட்டி. சில தீபாவளிக்குச் சினிமாப் பெயர் ஒட்டிக்கொள்ளும். இப்போது சாமுத்ரிகா, பரம்பரா என்று கடை பெயர் சூட்டி, நட்சத்திரங்களை வைத்து டி.வி.யில் காட்டியது. போட்டிக் கடை ஐம்பதாயிரம் வண்ணச் சேலை என்று பதில் சொன்னது. கடைக்குக் கெட்டிக்காரத்தனம், நெய்த ஊருக்கு நஷ்டம். சாமுத்ரிகா கேட்டு வருகிறவர் அது எந்த ஊர்த் தறியில் இறங்கியது என்று கேட்பதில்லை.

அடுக்குமாடி ஜவுளிக்கடைகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கவுண்டருக்கு உள்ளே நின்றவர்களை விட்டுவிடுவது வழக்கம். சென்னைக் கடைகளில் சேலை பிரித்துக் காட்டும் பெண்களில் பலர் தென்மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கியவர்கள். வாடிக்கையாளருக்கு நாற்காலி உண்டு, அவர்களுக்கு இல்லை. கேரளம் 2018-ல் வழிகாட்டியது. கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டுச் சட்டத்தில் எழுத 2021 ஆயிற்று. அதற்குள் போத்தி மூப்பனார் கடை வைத்துத் தொண்ணூற்றெட்டு வருடம் கடந்திருந்தது.

இன்னொரு பக்கம் திரும்புவோம். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் தளவாய்புரம், முகவூர், செட்டியார்பட்டி. இங்கே தைப்பது நைட்டியும் உள்பாவாடையும். வெளியூர்களிலிருந்து துணி வரும், ஒரு இடத்தில் வெட்டுவார்கள், வீடுவீடாகத் தையல் மெஷினில் ஓடும், பிறகு மூட்டை கட்டி வெளியூர் போகும். தமிழ்ப் பெண் ஒரு நாளில் அதிக நேரம் உடுத்தியிருப்பது பட்டா நைட்டியா என்று எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். பெண் உடையில் நடந்த பெரிய மாற்றம் எது என்று என்னைக் கேட்டால், சாமுத்ரிகாவை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

போத்தி மூப்பனார் தம் சரக்கோடு தம் பெயரையும் சேர்த்து விற்றார். தளவாய்புரத்து மூட்டை பிரிக்கப்படும் ஊரில், வாங்கிய வியாபாரி தன் லேபிளை வைத்துத் தைத்துக்கொள்ளலாம். தைத்தவர்களுக்குப் பீஸ் கணக்கில் கூலி. அந்தக் கூலியும் வெட்டும் மேஜையும் எப்படி நடக்கின்றன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)