பட்டியலில் ஒரு பெயர்

தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு விழாக்களில் மக்களாட்சியைப் பற்றிப் பேச எழுகின்றவர் எவராயினும் உத்திரமேரூரைத் தொடாமல் அமர்வதில்லை. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும், அவ்வூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் நமக்குப் பெருமை தருவனவே. முப்பது குடும்புகளாக ஊர் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்தில் இடப்பட்டன. உலகறியாச் சிறுவன் ஒருவன் குடத்தில் கையிட்டு ஓர் ஓலையை எடுத்தான். இங்ஙனம் தேர்ந்தெடுக்கப்பட்டோர் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றை ஓராண்டு நடத்தினர். பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாது போனவன் மட்டுமன்றி, அவன் உறவினரும் குடத்துள் பெயரிடப்படும் தகுதியை இழந்தனர். இவ்விதியை இன்று படிக்கும்போதும் நம் நெஞ்சு நிமிர்கின்றது.

ஆயினும், பெருமையோடு உண்மையையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும். குடவோலையில் ஊரார் வாக்களிக்கவில்லை, குலுக்கலே நடந்தது. குடத்துள் பெயர் புகுவதற்குக் கால் வேலி இறை நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், மறைநூற் பயிற்சியும் வேண்டியிருந்தன. முப்பத்தைந்து வயதுக்குக் குறைந்தவர்க்கும் எழுபது கடந்தவர்க்கும் இடமில்லை. பெண்களுக்கு இடமில்லை, அந்நிலத்தை உழுதவனுக்கும் இடமில்லை. உத்திரமேரூரின் குடத்திலிருந்து இன்றைய வாக்குப் பெட்டி நேரே பிறந்தது என்று மேடையில் முழங்குவது செவிக்கு இனிமை தரலாம். வரலாறு அங்ஙனம் கூறவில்லை.

நாம் இம்மலரில் எழுத விரும்புவது வேறொரு பட்டியலின் கதையை. அதில் கால் வேலி நிலம் வேண்டப்படவில்லை, எழுத்தறிவும் வேண்டப்படவில்லை. ஆயினும் அதில் தம் பெயரைச் சேர்க்க மறந்தோர் நம் காலனியில் பலர் உளர். பிறரைக் குறை கூறுமுன் எம் குறையைச் சொல்லிவிடுகின்றோம். யாம் இந்நகருக்கு வந்து பல்லாண்டுகள் ஓடிவிட்டன. எம் பெயர் தஞ்சைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பட்டியலில் இருந்தது. உடல் இங்கே இருந்தது. தேர்தல் வந்தபோதெல்லாம், "நமக்கு ஓட்டு ஊரில்தானே" என்று சொல்லிக்கொண்டு, விடுமுறை நாளை வீட்டில் உறங்கிக் கழித்தோம். பதினெட்டு நிரம்பிய எம் மகள் ஒருநாள், "அப்பா, நீங்கள் கடைசியாக எந்தத் தேர்தலில் வாக்களித்தீர்கள்?" என்று கேட்டாள். விடை கூற இயலாமல் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டோம். அந்த நாணமே இக்கட்டுரைக்கு வித்து.

ஆங்கிலேயர் ஆட்சியில் வாக்குரிமை என்பது வரி கட்டியவர், நிலம் உடையவர், படித்தவர் என்ற சிலருக்கே உரியதாயிருந்தது. சென்னை மாகாணம் 1921-இல், மாகாணங்களுள் முதலாவதாக, பெண்களுக்கும் அவ்வுரிமையை நீட்டியது. ஆனால் சொத்துத் தகுதி என்ற வேலி அப்படியே நின்றது. 1937-இல் மாகாணத் தேர்தல்கள் நடந்தபோது நாடு முழுவதும் ஏறத்தாழ மூன்று கோடிப் பேருக்கே வாக்கு இருந்தது. அந்நிலையிலிருந்து, இருபத்தொரு வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு என்று அரசியல் நிர்ணய சபை துணிந்தது. 1951 குடிக்கணக்கின்படி நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெண்மரே என்பதை நினைத்தால், அத்துணிவின் அளவு விளங்கும்.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. அரசியலமைப்பு முற்றுப்பெறுமுன்னரே, 1948-லேயே, பட்டியல் எழுதும் வேலை தொடங்கிவிட்டது. நாடு பிரிவினையால் இரத்தம் சிந்திய காலம் அது. இலட்சக்கணக்கானோர் முகாம்களில் கிடந்தனர். ஓரிடத்தில் 180 நாட்கள் வாழ்ந்தவர் பெயரே சேர்க்கப்படும் என்பது விதி. இந்த விதியின்படி அகதிகளை எவ்வாறு சேர்ப்பது? வீட்டையும் ஊரையும் இழந்து வந்தவன் 180 நாள் கணக்குக்கு எங்கே போவான்? அதிகாரிகள் ஒரு முடிவு செய்தனர்: இவ்வூரிலேயே நிலையாகத் தங்கக் கருதுகின்றேன் என்று அகதி ஒருவர் எழுதிக் கொடுத்தால் போதும், அவர் பெயர் சேரும். நிலமும் கூரையும் இல்லாதவனுக்கு, இனி நீ இவ்வூரான் என்று குடியரசு கொடுத்த முதற் சான்று அது. பிழைப்புக்காகப் பெட்டியும் படுக்கையுமாய் இரயிலேறி வந்த நம் குடும்பங்களின் கதை அவ்வளவு கொடியதன்று. எனினும், புதிய ஊரில் தன் பெயரை எழுதுவித்தல் என்றால் என்ன என்பதை அவ்வகதிகளிடமிருந்தே நாம் கற்றுக்கொள்ளலாம்.

1950 ஜனவரி 25-இல் தேர்தல் ஆணையம் தோன்றியது. மேற்கு வங்கத்தின் தலைமைச் செயலாளராயிருந்த சுகுமார் சென் முதல் தலைமைத் தேர்தல் ஆணையரானார். பட்டியலைப் பார்த்தபோது அவர் கண்ட இடர் பணத்தட்டுப்பாடு அன்று, தாள் தட்டுப்பாடும் அன்று, பெயர் தட்டுப்பாடு. வட மாநிலங்கள் சிலவற்றில், பெயரெழுத வந்தவரிடம் பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்தனர். இன்னாருடைய தாய், இன்னாருடைய மனைவி என்றே எழுதச் சொன்னார்கள். அயலான் ஒருவனிடம் தன் பெயரை உரைத்தல் குடும்பப் பெண்ணுக்கு அழகன்று என்ற எண்ணமே காரணம். சென் அதற்கு இணங்கவில்லை. பெயரில்லாத வாக்காளர் வாக்காளர் ஆகார் என்றார். பீகாருக்கு மேலும் ஒரு மாதத் தவணை கொடுத்துப் பார்த்தார். இறுதியில், ஏறத்தாழ எட்டுக் கோடிப் பெண் வாக்காளர்களுள் இருபத்தெட்டு இலட்சம் பேரின் பதிவுகள் நீக்கப்பட்டன. பீகார், உத்தரப் பிரதேசம், மத்திய பாரதம், இராஜஸ்தான், விந்தியப் பிரதேசம் ஆகியவற்றிலேயே இவை மிகுதி. கூக்குரல் எழுந்தது. அதுவும் நல்லதே, அடுத்த தேர்தலுக்குள் இவ்வழக்கம் ஒழியும் என்று அவர் கருதினார்.

இதைப் படித்து வடநாட்டாரைப் பார்த்து நாம் நகைத்தல் ஆகாது. கணவன் பெயரைச் சொல்லாத நம் பாட்டிமார் எத்தனை பேர்! பங்கீட்டு அட்டைக்குப் பெயர் கேட்டால், திண்ணையில் அமர்ந்திருப்பவரைக் கண்ணால் காட்டியவர்களும், சுவரில் தொங்கும் முருகன் படத்தைக் கைநீட்டியவர்களும் நம் வீடுகளில் இருந்தார்கள். தன் பெயர் தனக்கே உரியது என்ற எண்ணம் வந்த பிறகே, தன் வாக்கும் தனக்கே உரியது என்ற எண்ணம் வரும். 28 இலட்சம் பெயர்களை அடித்த அந்தக் கடுமை சரியா என்று இன்றும் வழக்காடலாம். எமக்கு அது ஒருபால் நெருடலாகவே இருக்கின்றது. தவறு சமூகத்தினுடையது, இழப்பு அப்பெண்களுடையது அன்றோ? ஆயினும், 2019 மக்களவைத் தேர்தலில் நாட்டு அளவில் பெண்களின் வாக்குப்பதிவு விழுக்காடு ஆண்களுடையதைச் சிறிதே விஞ்சியது, 2024-லும் அவ்வாறே. பெயர் சொல்ல நாணியவர்களின் பேத்திகளும் கொள்ளுப் பேத்திகளும் அவ்வரிசைகளில் நின்றனர்.

முதற் பொதுத் தேர்தல் 1951 அக்டோபர் 25-இல் தொடங்கி 1952 பிப்ரவரி 21 வரை நடந்தது. வாக்காளர் பதினேழு கோடிக்கு மேல். மக்களவை இடங்கள் 489. எழுத்தறியாதோருக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டினார்கள். ஏறத்தாழ இருபது இலட்சம் எஃகுப் பெட்டிகள் தேவைப்பட்டன. கோஷாப் பெண்களுக்கென 27,527 சாவடிகள் தனியே அமைத்தனர். வாக்கு என்றால் என்ன என்று விளக்கும் படம் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட திரையரங்குகளில் காட்டப்பட்டது. பனி வந்து வழியை அடைத்துவிடும் என்பதால் இமயத்தின் சினி, பாங்கி வட்டங்களில் எல்லாருக்கும் முன்னரே வாக்குப்பதிவு நடந்தது. அங்கே முதலில் வாக்களித்தவராக அறியப்படும் பள்ளி ஆசிரியர் சியாம் சரண் நேகி, அதன்பின் ஒரு தேர்தலையும் விட்டாரில்லை. 2022 நவம்பர் 2-ஆம் நாள், 105 வயதில், வீட்டிலிருந்தே அஞ்சல் வாக்கு அளித்தார். மூன்று நாள் கழித்து மறைந்தார்.

அம்முதல் தேர்தலில் மதுரையில் 110 வயது முதியவர் ஒருவர், இருபுறமும் கொள்ளுப் பேரன்மார் தாங்கிவரச் சாவடிக்கு வந்தார். அசாமில் தொண்ணூறு வயதுப் பெரியவர் ஒருவர் நேருவுக்கு வாக்களிக்க வந்து, அவர் பெயர் இத்தொகுதியில் இல்லை என்று கேட்டு ஏமாற்றத்தோடு திரும்பினார். கோட்டயம் தொகுதியில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பதிவானது. மத்திய இந்தியாவின் ஷாடோலில் பதினெட்டே. நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் பாதிக்கும் குறைவு. அன்று வராதவர்களுக்குக் காடும் மலையும் அறியாமையும் காரணமாயிருந்தன. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் தருமபுரியில் 81 விழுக்காடும் மத்திய சென்னையில் 54 விழுக்காடும் பதிவாயின. சென்னையில் எந்தக் காடு குறுக்கிட்டது?

ஒரு வாக்கால் ஆவதென்ன என்று கேட்போரும் நம்மிடை உளர். 2004-இல் கருநாடகத்தின் சந்தேமரஹள்ளியில் வென்றவர் பெற்றது 40,752. தோற்றவர் பெற்றது 40,751. 2008-இல் இராஜஸ்தானின் நாத்துவாராவில் 62,216-க்கு 62,215. இத்தகையவை அரியவை என்பதை ஒப்புகின்றோம். எம் வாக்கு அங்ஙனம் துலாக்கோலைச் சாய்க்கும் என்று எம் மகளிடம் யாம் கூறவில்லை. கூறினால் அவள் நம்பவும் மாட்டாள்.

இனி நம் காலனிக்கு வருவோம். 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒருவர் வழக்கமாக வாழும் இடத்திலேயே அவர் பெயர் இருத்தல் வேண்டும் என்கின்றது. ஊரில் பூர்வீக வீடு இருக்கின்றதே என்றால், வீடு உடைமை மட்டுமே வாழ்விடம் ஆகாது என்று அச்சட்டமே விடை கூறுகின்றது. இரு தொகுதிகளில் பெயர் வைத்திருத்தலும் கூடாது. 2025-இல் தமிழ்நாட்டிலும் வேறு பல மாநிலங்களிலும் பட்டியலைத் தீவிரமாகத் திருத்தும் வேலை தொடங்கியபோது, ஊர் பெயர்ந்தோர் பெயர்கள் அடிபட்ட செய்தியை நம்மில் பலர் உறவினர் வாயிலாகவே அறிந்தோம். வெளியூரில் இருப்போர் அங்கிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்கும் பொறி ஒன்றின் முன்மாதிரியை எடுத்துக்காட்ட 2023 ஜனவரியில் ஆணையம் கட்சிகளை அழைத்தது. கட்சிகள் பல ஐயம் எழுப்பின. அஃது அத்துடன் நின்றது. ஆகவே, "அங்கே" என்றும் "இங்கே" என்றும் சொல்லிக்கொண்டிருப்பவர்க்கு இரண்டிடத்தும் பெயர் இல்லாது போதல் கூடும்.

"அரசியல் நமக்கெதற்கு, நாம் பிழைக்க வந்தவர்கள்" என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. அச்சொல்லில் பணிவும் உண்டு, பழைய அச்சமும் உண்டு. ஆனால் குழாயில் நீர் வராத நாளில் நாம் இவ்வூர் மாநகராட்சியைத்தானே ஏசுகின்றோம்? நம் பிள்ளைகளின் பள்ளிக்குப் போகும் சாலை இவ்வூர்ச் சாலை அன்றோ? சென்ற கோடையில் நீருக்காக ஓர் அலுவலகத்துக்குச் சென்ற நம் காலனிக் குழுவினரிடம், உங்கள் தெருவில் எத்தனை வாக்கு என்றே முதலில் கேட்டார்கள். நம்மவரால் எண்ணிக்கை சொல்ல இயலவில்லை. எத்தனை வீடு என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

மற்றோர் அச்சம் நம் தாய்மாரிடம் உண்டு: இவ்வூர் எழுத்து தெரியாதே, பொறியில் எதை அழுத்துவது? இங்கேதான் 1951-இன் ஏற்பாடு நமக்குக் கைகொடுக்கின்றது. தமிழில் புலமை மிக்க அம்மையாரும் இவ்வூர்ப் பெயர்ப்பலகையின் முன் எழுத்தறியாதவரே. எழுத்தறியாதார் நாடு என்று எண்ணி அன்று படைத்த சின்னங்கள் இன்று அவருக்கும் வழிகாட்டும். 2015 முதல் வேட்பாளரின் ஒளிப்படமும் சேர்ந்துள்ளது. பொத்தானை அழுத்தியபின் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடியில் ஏழு நொடிகள் துண்டுச்சீட்டுத் தோன்றும். தாம் அழுத்திய சின்னந்தானா என்று பார்த்துக்கொள்ளலாம்.

பதினெட்டு நிரம்பியோர்க்கு வாக்கு என்ற திருத்தம் 1989-இல் நடைமுறைக்கு வந்தது. புதிதாகச் சேர்வோர்க்கு ஆறாம் படிவம். ஊரிலிருந்து பெயரை இங்கு மாற்றுவோர்க்கு எட்டாம் படிவம். பதினேழு வயது நிரம்பியவரும் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். எம் மகள் ஆறாம் படிவத்தையும் யாம் எட்டாம் படிவத்தையும் ஒரே மேசையில் அமர்ந்து நிரப்பினோம். எம் முகவரியை அவளே எழுதினாள். எழுதும்போது, தெருவின் பெயரை எம்மிடம் கேட்கவில்லை. அவள் பிறந்த தெரு அது.

இரு படிவங்களும் சங்க நூலகத்தில், நாளிதழ் மேசைக்கு அருகே வைக்கப்பட்டுள்ளன. ஞாயிறு காலையில் எம்மை அங்கே காணலாம். எழுதுகோல் கொண்டு வர மறந்தாலும், முகவரிச் சான்றின் நகலை மறவாது கொண்டு வருக.