கப்பல் சுற்றுலாக் காப்பீடு

கப்பல் சுற்றுலாக் காப்பீடு என்பது உல்லாசக் கப்பலில் விடுமுறைப் பயணம் செல்வோர், பயணத்தைக் கைவிட நேர்தல், கடலில் நோயுறுதல், பயணப் பொதிகளை இழத்தல் போன்றவற்றால் ஏற்படும் பொருள் இழப்பை ஈடுசெய்ய வாங்கும் ஒரு வகைப் பயணக் காப்பீடு ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் மயாமி முதலிய துறைமுகங்களில் இருந்து கரிபியன் தீவுகளுக்குச் செல்லும் பயணிகளிடையே இது பரவலாக உள்ளது. இக்கட்டுரை பெரும்பாலும் அந்நாட்டு நடைமுறையை விளக்குகிறது. பயணச்சீட்டின் விலையை மீளப் பெறுவதே இதன் பயன் எனப் பொதுவாகக் கருதப்பட்டாலும், பயணி எதிர்கொள்ளக்கூடிய மிகப் பெரிய இழப்பு மருத்துவச் செலவே ஆகும்.

வரலாறு

பயணிகளுக்கான காப்பீடு தொடருந்துகளுடன் தோன்றியது. இலண்டனில் 1849ஆம் ஆண்டு முதல் இரயில்வே பாசஞ்சர்சு அசூரன்சு நிறுவனம் தொடருந்துப் பயணிகளுக்கு விபத்துக் காப்பீடு விற்றது. ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய காப்பீட்டுக்கென டிராவலர்சு நிறுவனம் 1864இல் ஆர்ட்பர்டு நகரில் நிறுவப்பட்டது.

தேவை

கப்பல் சுற்றுலா மற்ற விடுமுறைப் பயணங்களில் இருந்து மூன்று வகைகளில் வேறுபடுகிறது.

1. முழுக் கட்டணமும் கப்பல் புறப்படுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே செலுத்தப்பட வேண்டும். புறப்படும் நாள் நெருங்க நெருங்க, பயணத்தை இரத்துச் செய்பவர் இழக்கும் தொகை கூடும். கடைசி இரு வாரங்களில் பெரும்பாலும் எதுவும் திரும்பக் கிடைப்பதில்லை.
2. கப்பல் பொதுவாகத் தனிப் பயணி ஒருவருக்காகக் காத்திருப்பதில்லை. விமானத் தாமதத்தால் கப்பலைத் தவறவிட்டவர் அடுத்த துறைமுகத்துக்குத் தம் செலவில் செல்ல நேரிடும்.
3. நடுக்கடலில் மருத்துவமனை இல்லை.

கடலில் மருத்துவம்

2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, 100 அல்லது அதற்கு மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு வழமையாக மூன்று நாட்களுக்கு மேற்பட்ட பன்னாட்டுப் பயணம் செல்லும் கப்பல்களில் தகுதி பெற்ற மருத்துவர் ஒருவர் இருத்தல் வேண்டும். எனினும் கப்பலின் மருத்துவக்கூடம் நோயாளியின் நிலையைச் சீராக்கிக் கரைக்கு அனுப்புவதற்கான இடமே ஆகும். அங்கு பெறும் சிகிச்சைக்கான தொகை பயணியின் கப்பல் கணக்கில் சேர்க்கப்படும்.

ஐக்கிய அமெரிக்காவில் 65 வயது நிரம்பியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேர், கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் இருந்து 6 மணி நேரத்துக்கு மேற்பட்ட தொலைவில் இருக்கும்போது பெறும் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. கப்பல் பயணிகளில் முதியோர் பலர் உள்ளதால் இது குறிப்பிடத்தக்கது.

உலங்கு வானூர்தி எட்டும் தொலைவில் கப்பல் இருந்தால் அமெரிக்கக் கடலோரக் காவற்படை நோயாளியை மீட்பது உண்டு. இம்மீட்புக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ஒரு தீவு மருத்துவமனையில் இருந்து தாய்நாட்டுக்கு மருத்துவ வானூர்தியில் கொண்டுவருவதற்கு 50,000 அமெரிக்க டாலருக்கு மேல் செலவாகக்கூடும்.

காப்பீட்டின் கூறுகள்

* பயண இரத்து: பயணி, உடன் செல்வோர் அல்லது நெருங்கிய உறவினரின் நோய், இறப்பு போன்ற, பத்திரத்தில் பட்டியலிடப்பட்ட காரணங்களுக்கு மட்டும் பொருந்தும்.
* பயண இடைமுறிவு: பாதியில் திரும்ப நேர்ந்தால், பயன்படுத்தாத நாட்களுக்கான தொகையும் திரும்பும் செலவும்.
* அவசர மருத்துவம்.
* மருத்துவ வெளியேற்றம்: தகுந்த மருத்துவமனைக்கோ தாய்நாட்டுக்கோ கொண்டு செல்லுதல். இறந்தவரின் உடலைக் கொண்டுவருதலும் பெரும்பாலும் இதனுடன் சேரும்.
* பயணப் பொதி இழப்பு, பயணத் தாமதம்.

காப்பீட்டுக் கட்டணம் பெரும்பாலும் பயணச் செலவில் 4 முதல் 10 விழுக்காடு வரை இருக்கும். வயது கூடக் கூட இது உயரும்.

வாங்கும் காலம்

ஒரே பத்திரம் கூட, அதை வாங்கிய நாளைப் பொறுத்து வேறுபட்ட பயன் தரும். பல பத்திரங்கள் வாங்குவதற்கு முந்தைய 60 முதல் 180 நாட்களுக்குள் சிகிச்சை பெற்ற அல்லது மருந்து மாற்றப்பட்ட நோய்களை விலக்குகின்றன. முன்பணம் செலுத்திய சுமார் 14 முதல் 21 நாட்களுக்குள் பத்திரம் வாங்கினால், பல நிறுவனங்கள் இவ்விலக்கைத் தளர்த்துகின்றன.

புயலுக்கும் இதுவே பொருந்தும். அத்திலாந்திக்குப் புயற்பருவம் சூன் 1 முதல் நவம்பர் 30 வரை ஆகும். ஒரு புயலுக்குப் பெயர் சூட்டப்பட்டபின் வாங்கிய பத்திரம் பொதுவாக அப்புயலால் விளையும் இழப்பை ஏற்பதில்லை. ஏற்கெனவே அறியப்பட்ட இடர், காப்பீட்டுக்கு உரிய இடர் அன்று என்பதே இதன் அடிப்படை.

விலக்குகள்

2020 பெப்ரவரியில் சப்பானின் யோக்கோகாமா துறைமுகத்தில் தடுத்து வைக்கப்பட்ட டயமண்டு பிரின்செசு கப்பலில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா தொற்று ஏற்பட்டது. அவ்வாண்டு பலர் அச்சத்தால் பயணங்களைக் கைவிட்டனர். பயணம் செய்ய அஞ்சுதல் வழமையான பத்திரங்களில் ஏற்கத்தக்க காரணம் அன்று. 'எக்காரணத்துக்கும் இரத்து' என்னும் கூடுதல் பிரிவை வாங்கியோர் மட்டும், பத்திரத்தைப் பொறுத்து, செலவில் 50 முதல் 75 விழுக்காடு வரை கோர முடியும்.

கப்பல் நிறுவனத் திட்டங்கள்

கப்பல் நிறுவனங்களும் முன்பதிவின்போதே தம் திட்டங்களை விற்கின்றன. இவற்றின் மருத்துவ வரம்புகள் பெரும்பாலும் தனிக் காப்பீடுகளை விடக் குறைவானவை. பட்டியலில் இல்லாத காரணத்துக்காகப் பயணம் இரத்தானால், சில திட்டங்கள் பணத்துக்குப் பதிலாக அடுத்த பயணத்துக்கான வரவை வழங்குகின்றன. கப்பல் நிறுவனமே நொடித்துப்போனால் அத்திட்டம் பொதுவாக உதவாது. இவ்விழப்பைச் சில தனிக் காப்பீடுகள் ஏற்கின்றன.

இழப்பீடு கோருதல்

மருத்துவ வெளியேற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்தின் உதவி மையமே ஏற்பாடு செய்ய வேண்டும் எனப் பத்திரங்கள் பொதுவாக விதிக்கின்றன. முன் ஒப்புதல் இன்றிக் குடும்பத்தினர் அமர்த்திய வானூர்திக்கான செலவு மறுக்கப்படலாம். எனவே உதவி மையத்தின் தொலைபேசி எண் பயணியிடம் மட்டுமன்றி, உடன் செல்வோரிடமும் இருத்தல் நன்று. மருத்துவரின் எழுத்துச் சான்று, கட்டண விவரச் சீட்டுகள், முன்பதிவு ஆவணங்கள் ஆகியவை கோரிக்கையுடன் இணைக்கப்பட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* பயணக் காப்பீடு
* மெடிக்கேர்
* உல்லாசக் கப்பல்